சமையலறை அலமாரிக்கு ஏற்ற பூச்சு

வீட்டிலுள்ள மரப்பொருள்களுள் மிகுதியாக அல்லற்படுவது எது? கூடத்து நாற்காலியன்று, படுக்கையறைக் கட்டிலுமன்று. சமையலறை அலமாரியே அது. உலையின் நீராவி அதன்மேல் படிகின்றது. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் ஒட்டுகின்றது. மஞ்சளும் புளியும் பட்ட ஈரக்கை நாளொன்றுக்குப் பன்முறை அதன் கதவைத் திறக்கின்றது. மாலையில் அழுக்கைப் போக்கச் சோப்பு நீரும் ஊற்றப்படுகின்றது. இத்தனையையும் தாங்கவேண்டியது மரமன்று. மரத்தின்மேல் உள்ள தாளினும் மெல்லிய ஒரு பூச்சு. அப்பூச்சை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை ஆராய்வோம்.

முதலில் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் அதனை உறிஞ்சி அகலவாட்டில் பருக்கும். காற்று வறண்டால் சுருங்கும். நீளவாட்டில் இம்மாறுதல் மிகச் சிறிது. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் அனுமந்தன்பட்டியில் இதனைக் கண்கூடாகக் காணலாம். பங்குனி, சித்திரை வெயிலில் தளர்ந்து ஆடும் பலகைக் கதவு, மேற்கு மலையிலிருந்து சாரற்காற்று வீசும் ஆடி மாதத்தில் சட்டத்தில் இறுகிக் கொள்கின்றது. இவ்வாறு பருத்தும் சுருங்கியும் வரும் பொருளின்மேல் கண்ணாடிபோல் விறைத்த பூச்சைப் பூசினால், அது சில பருவங்களிலேயே வெடித்துவிடும். ஆகவே உறுதி என்பது கடினம் மட்டுமன்று. வளைந்து கொடுக்கும் தன்மையும் சேர்ந்ததே உறுதியாகும்.

இனி, பூச்சு உலர்வது எப்படி? துணி உலர்வதுபோல் ஈரம் ஆவியாகிப் போவதே உலர்தல் என்று நீங்கள் எண்ணலாம். எண்ணெய்ப் பூச்சுக்கு அது பொருந்தாது. ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெயும், மற்றொன்றில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெயும் மெல்லியதாகத் தடவிச் சில நாள் வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயோ தோல்போல் இறுகியிருக்கும். பின்னது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கொள்கின்றது. அவ்வாறு பிணைவதற்கு வேண்டிய இரட்டைப் பிணைப்புகள் அதில் மிகுதி. வேதியியலார் அதனை அயோடின் எண்ணால் அளப்பர். தேங்காய் எண்ணெய்க்கு அவ்வெண் 10-ஐ ஒட்டியது. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல்.

இந்த எண்ணெய்க் குணத்தையும் செயற்கைப் பிசினையும் இணைத்து 1920-களில் உருவானதே ஆல்கைடு. ஆல்கஹால், ஆசிட் என்னும் இரு சொற்களின் சேர்க்கையால் பிறந்த பெயர் அது. நம் கடைகளில் எனாமல் பெயின்ட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுவே. நீராவியையும் சமையல் எண்ணெயையும் நன்கு தாங்கும், ஓரளவு வளைந்தும் கொடுக்கும், விலையும் மிகுதியன்று. இதன் பகை ஒன்றுண்டு, அதுவே காரம். எண்ணெயோடு காரத்தைச் சேர்த்தன்றோ சோப்புச் செய்கின்றோம்? எண்ணெயிற் பிறந்த பூச்சின்மேல் சலவைச் சோடாவை நாள்தோறும் தேய்த்தால், பூச்சின் மேற்பரப்பே சிறிது சிறிதாகச் சோப்பாக மாறிக் கரையும். புதிதாகச் சுண்ணாம்போ சிமென்டோ பூசிய ஈரச்சுவரில் அலமாரியின் முதுகை ஒட்டவைப்பதும் இக்காரணத்தால் தவறாகும். மற்றொரு குறை, வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத உட்புறத்தில் நாளடைவில் மஞ்சளித்துப் போதல். நீரிற் கரைத்துப் பூசும் அக்ரிலிக் எனாமலில் இக்குறை குறைவு, வாடையும் குறைவு.

அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து ஏற்றும் பாலீஷ் நம் நாட்டின் பழஞ்செல்வம். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைப்பதே அரக்கு. ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் 1924-இல் நிறுவப்பட்டது. அரக்குப் பாலீஷின் அழகுக்கு இணை அரிது. எனினும் வெந்நீர்ப் பாத்திரம் பட்டால் வெண்வளையம் தோன்றும். சோடா நீரிலும் அது கரையும். ஆகவே அடுப்பங்கரைக்கு அது ஏலாது; கூடத்துப் புத்தக அலமாரிக்கு ஏற்றது.

இக்காலத்தில் மெலமைன், பாலியூரித்தேன் என்னும் பூச்சுகள் பரவியுள்ளன. இவற்றுள் இரு கூறுகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வெப்பத்தையும் காரத்தையும் எனாமலினும் நன்கு தாங்கும். தேக்கின் வரியை மறைக்காமல் காக்க விரும்புவோர்க்கு அது தகும். ஆயினும் அதன் கெட்டிப்படுத்தும் கூறிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலுக்குப் பெருந்தீங்கு செய்வது. மெலமைன் பூச்சு இறுகும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிப்படுவது. பயின்ற கையும், தக்க முகக்கவசமும், காற்றோட்டமும் இல்லாத இடத்தில் இவற்றைத் தெளித்தல் கூடாது.

இங்கே, அழகினும் விலையினும் முதன்மையான ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. வெள்ளைக்கு ஈய வெள்ளையும், மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும் சேர்ப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சுக்கு வீட்டுச் சுவரிலும் கம்பியழியிலும் இருந்த பூச்சே மூலம் என்று 1904-இலேயே காட்டினார். குழந்தைகள் பூச்சுத் துகள் படிந்த விரலை வாயில் வைப்பர். அத்துகள் அவர்தம் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இந்திய அரசு 2016-இல் விதி வகுத்து, வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டலாகாது என வரையறுத்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய அலமாரி உங்கள் வீட்டில் இருக்கலாம். அதன் பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே புதுப்பூச்சு ஏற்றுவது நன்று. தேய்த்தே தீரவேண்டுமெனில் நீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கவேண்டும், உலர்தூள் பறக்கவிடலாகாது, நெருப்பால் சுட்டு உரிக்கவும் கூடாது. குழந்தைகளும் கருவுற்ற பெண்டிரும் அவ்விடத்தை அணுகாதிருத்தல் வேண்டும்.

பூச்சு எதுவாயினும் அதன் ஆயுள் பூசுமுன் செய்யும் வேலையில் உள்ளது. முதலில் பிசுக்கை நீக்கவேண்டும். பிசுக்கோடு உப்புத்தாள் தேய்த்தால், அது மரத்தின் நுண்துளைகளில் மேலும் அழுந்திவிடும். இதற்கு மட்டும் சலவைச் சோடா நீர் உதவும். பின்னர் நல்ல நீரால் இருமுறை துடைத்து, முற்றும் உலர விடவேண்டும். அடுத்து உப்புத்தாளால் வரியோட்டத்தின் வழியே தேய்த்து, தூளைத் துடைத்து, பிரைமர் ஒருமுறை பூசி, பள்ளங்களில் பட்டி பார்த்து, மீண்டும் மெல்லத் தேய்க்கவேண்டும். அதன்பின் எனாமலை மெல்லிய பூச்சாக இருமுறை பூசுக. தடித்த ஒரு பூச்சு வெளியே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே நின்று, சுருக்கம் விழும். கதவின் வெளிப்புறம் மட்டும் பூசி உட்புறத்தை விட்டுவிட்டால், ஒருபுறம் ஈரம் ஏறி மறுபுறம் ஏறாமல் பலகை கோணிப்போகும். ஈரம் முதலில் நுழையும் வாயில்களான விளிம்புகளையும் பலகை முனைகளையும் மறக்கலாகாது. நல்ல காற்றில் பூச்சு ஓரிரவில் தொட உலரும். முழு வலிமை பெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வெந்நீர்ப் பாத்திரங்களை அதன்மேல் வையாதிருப்பது நலம்.

எச்சரிக்கை ஒன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கின்றது. சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தானே தீப்பற்றும். கந்தலை வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்துக.

ஆக, அடுப்புக்கு அண்மையில் உள்ள சாதாரண மர அலமாரிக்கு, பிரைமரின்மேல் இருமுறை எனாமல் போதும். நல்ல தேக்கு வேலைக்கு, தேர்ந்த கைவினைஞர் கிடைத்தால் பாலியூரித்தேன். அடுப்பைவிட்டு விலகியதற்கு அரக்குப் பாலீஷ். வாங்குமுன் குப்பியின் மேலுள்ள ஈய அளவைப் பற்றிய குறிப்பைப் படியுங்கள். பூசியபின் ஈரத்துணியும் மென்மையான சோப்பு நீரும் கொண்டு துடைத்து, உடனே உலர்த்துங்கள். உங்கள் தாயார் நாள்தோறும் பன்முறை தொட்டுத் திறக்கும் கதவு அது. அதைப்பற்றி ஒரு மணி நேரம் சிந்திப்பது மிகையாகாது.