பழைய படகும் இரண்டு எஞ்சின்களும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"ஏன்டா, நீ படிக்கிற படிப்புல இந்த எஞ்சின் சமாச்சாரமெல்லாம் வருமா?"

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் என் தந்தை என்னிடம் கேட்ட கேள்வி இது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதை நண்பர்கள் அறிந்திருக்கலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் படகில் டிரைவராக இருந்த என் தந்தை, மாமாவுடன் பங்கு சேர்ந்து, பழைய இழுவலைப் படகு ஒன்றை வாங்க முனைந்த நேரம் அது. அம்மாவின் நகை, வாங்கவிருந்த கடன், தங்கையின் பெயரில் இருந்த சேமிப்பு ஆகிய மூன்றும் அதில் அடக்கம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. "வரும் அப்பா" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யல்ல. வெப்ப இயக்கவியல் பாடத்தில் டீசல் சுழற்சியைப் படம் வரைந்து விளக்கி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் படத்தில் இருக்கும் எஞ்சினுக்குத் தேய்மானம் கிடையாது, விலையும் கிடையாது.

பார்த்த படகுகள் இரண்டு. நீளமும் வயதும் ஏறக்குறைய ஒன்றே. முதல் படகில் 120 குதிரைத்திறன் எஞ்சின். நிமிடத்துக்கு 1,800 சுற்று. டர்போ இல்லாத பழைய வகை. இரண்டாவதில் டர்போ பொருத்திய 180 குதிரைத்திறன் எஞ்சின், 2,800 சுற்று, புதுப் பச்சை வண்ணம் பளபளத்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மாமாவுக்கு இரண்டாவதன் மீதுதான் கண். 180 என்பது 120-ஐ விடப் பெரிது அல்லவா?

அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். திறன் என்பது முறுக்கு விசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கிய தொகை. ஆகவே திறனைச் சுழல் வேகத்தால் வகுத்தால் முறுக்கு விசை கிடைத்துவிடும். முதல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 468 நியூட்டன்-மீட்டர் வந்தது. இரண்டாவதற்கோ 452 தான்! இரு முறை கணக்கைச் சரிபார்த்தேன். இரண்டு படகிலும் கியர் விகிதம் 3:1. ஆகவே முதல் படகின் விசிறி 600 சுற்றில் நிதானமாகவும், மற்றதன் விசிறி 933 சுற்றில் வேகமாகவும் சுழலும். முதல் படகின் விசிறி விட்டத்திலும் பெரியது.

நிதானமாகச் சுழலும் பெரிய விசிறியால் என்ன பயன்? படகைத் தள்ளும் விசை, பின்னுக்குத் தள்ளப்படும் நீரின் நிறையையும் அதற்குக் கொடுக்கப்படும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. அதற்குச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எனவே நிறைய நீரை மெல்லத் தள்ளுவது, கொஞ்ச நீரை வேகமாகத் தள்ளுவதைவிட மலிவு. வலையை இழுத்துக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் மணிக்கணக்காக ஊர்ந்து செல்லும் படகுக்கு வேண்டியது இதுவே. சவாரிப் படகுக்கு இந்தக் கணக்கு வேறு.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே ஒரு மறுப்பு எழுப்பக்கூடும். கியர் விகிதத்தை மாற்றினால் 180 குதிரைத்திறனையும் 600 சுற்றுக்கு இறக்கலாமே? இறக்கலாம், அப்போது அதன் இழுவை நிச்சயம் மிஞ்சும். ஆனால் அதற்குப் புதிய கியர் பெட்டி வேண்டும். பெரிய விசிறி வேண்டும். அது சுழலப் படகின் அடியில் இடமும் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கைப் பெருமையோடு தந்தையிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்கு விடியறதுக்கு முன்னால போகணும்" என்றார். காரணம் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு இரண்டாவது படகில் ஏறியதும் அவர் செய்த முதல் காரியம், எஞ்சின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. வெதுவெதுப்பாக இருந்தது. எங்களுக்கு முன்பே யாரோ அதை ஓட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தந்தை ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்டார். அந்த வெதுவெதுப்பின் பொருள் எனக்கு வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. 30 டிகிரிக் காற்றை வெப்பம் வெளியேறாமல் 17 மடங்கு நெருக்கினால், ஏட்டுக் கணக்கின்படி அது 650 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் காற்று கசியும். குளிர்ந்த இரும்பு மிச்சச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது எஞ்சின் எளிதில் பிடிக்காது. பிடித்தாலும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு திணறும். முன்பே சூடேற்றிய எஞ்சின் இந்தக் குறையை மறைத்துவிடும். நான் சமன்பாட்டில் படித்ததை என் தந்தை உள்ளங்கையில் வைத்திருந்தார்!

(ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1913இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கடலில் மறைந்தார். அவர் பெயரை நாள்தோறும் சொல்லும் எங்கள் ஊரில் அது ஒரு மனிதரின் பெயர் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.)

புகையைப் பற்றி இன்னும் சிறிது. கறுப்புப் புகை என்றால் காற்றுப் பற்றவில்லை, அல்லது சுமை மீறிவிட்டது, அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தூவவில்லை. நீலப் புகை, மசகு எண்ணெய் எரிவதன் அடையாளம். ஆயில் அளவுக் குச்சியில் பால்போல வெளுத்த கலவை தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

அடுத்தது ஓடிய நேரம். இரண்டாவது எஞ்சினின் மீட்டர் 2,100 மணி காட்டியது. தந்தை மீட்டரைப் பார்க்கவில்லை. டீசல் புத்தகத்தைக் கேட்டார். வரிவிலக்கு டீசல் வாங்கிய கணக்கு அதில் இருக்கும். எஞ்சின் ஏற்றிய நாளிலிருந்து நான் கூட்டிப் பார்த்தபோது 98,000 லிட்டர் வந்தது. மணிக்குச் சராசரி 25 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 3,900 மணிக்குக் குறையாது. மீட்டரை மாற்றினார்களா, கம்பி அறுந்து கிடந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. எஞ்சின் எவ்வளவு உழைத்தது என்பதை, ஓடிய மணியைவிட எரித்த எண்ணெய் நன்றாகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றியது. சும்மா ஓடிய மணியும் சுமை இழுத்த மணியும் ஒன்றாகுமா?

முதல் படகின் எஞ்சின் கல்போலக் குளிர்ந்திருந்தது. மூன்றாம் முறைதான் பிடித்தது. ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. படகைக் கயிற்றில் கட்டியபடியே கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டச் செய்தோம். கட்டிய நிலையில் சுற்று முழு அளவை எட்டாது, அது இயல்பே. வெப்பம் ஏறாமல் நின்றது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது லேசான ஆவி மட்டும் வந்தது. ஆனால் புகை கொஞ்சம் கறுத்தது. வந்திருந்த மேஸ்திரி, "நாசில் நாலும் மாத்தணும் அண்ணே, மத்தபடி பயமில்ல" என்றார். கடல்நீர் பம்பும் தேய்ந்திருந்தது. இரண்டையும் சொல்லி விலையில் நாற்பதாயிரம் குறைத்தோம். மாமா மூன்று நாட்கள் என்னுடன் பேசவில்லை.

ஜூன் 15 விடியலில் படகு புறப்பட்டது. இப்போது ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் தந்தை டீசல் கணக்கு நோட்டை என்னிடம் நீட்டுகிறார். முதல் மூன்று பயணங்களின் சராசரி மணிக்கு 19 லிட்டர். நான்காம் பயணத்தில் 21 ஆகியிருந்தது. அடியில் பாசி பிடித்ததா, மீண்டும் நாசிலா என்று வரும் ஞாயிறன்று பார்க்க வேண்டும்.