படுக்கைப் புண்: தொடர் அழுத்தம் உயிரணுக்களை எவ்வாறு பாதிக்கிறது?

பக்கவாதம், தண்டுவடக் காயம், இடுப்பு எலும்பு முறிவு, முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படுக்கையிலேயே இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண் ஏற்படக்கூடும். இப்புண் தோலில்தான் தொடங்குகிறது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் எலும்பை ஒட்டிய தசையில் முதலில் பாதிப்பு உண்டாகி, பின்னர் தோலில் வெளிப்படுவதும் உண்டு. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், நோயாளியை ஏன் அடிக்கடி திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

உயிரணுவின் சவ்வு

செல் எனப்படும் உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2 லட்சத்தில் ஒரு பங்கே ஆகும். உள்ளே எவை செல்லலாம், வெளியே எவை வரலாம் என்பதை இச்சவ்வே கட்டுப்படுத்துகிறது. உயிரணுவின் உள்ளே உள்ள புரத இழைகள் ஒரு சட்டகம்போல் அமைந்து அதன் வடிவத்தைக் காக்கின்றன.

அழுத்தத்தையும் இழுவிசையையும் உயிரணுக்கள் உணர்கின்றன. சவ்வு இழுபடும்போது திறக்கும் ‘பீசோ’ என்னும் புரத வாயில்கள் 2010ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. அக்கண்டுபிடிப்புக்காக ஆர்டெம் படபூட்டியன் 2021ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தொடு உணர்வும் சிறுநீர்ப்பை நிறைந்ததை அறிவதும் இவ்வாயில்களைச் சார்ந்தவை. நடக்கும்போது ஏற்படும் சுமைதான் எலும்பை வலுவாக்குகிறது. எனவே, விசை உடலுக்குத் தேவையானதே. ஓரிடத்தில் நீடிக்கும் விசையே தீங்கானது.

புண் உருவாகும் விதம்

படுத்திருக்கும்போது இடுப்பின் பின்புறம், இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களில் தசையும் தோலும் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்குகின்றன. அழுத்தம் மிகுந்தால் உயிரணுவின் உட்சட்டகம் சிதைகிறது; சவ்வு இழுபட்டுக் கசியத் தொடங்குகிறது; உள்ளிருக்கும் பொருள்களின் சமநிலை குலைந்து உயிரணு இறக்கிறது. அத்துடன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கப்படுவதால் பிராணவாயுவும் ஊட்டமும் கிடைப்பது குறைகிறது. சாய்ந்து அமர்ந்தவர் கீழ்நோக்கிச் சரியும்போது, தோல் விரிப்பில் ஒட்டியிருக்க எலும்பு நகர்வதால், இடையிலுள்ள திசு கிழிபடுவதுபோல் இழுபடுகிறது.

நலமாக இருப்பவர் உறக்கத்திலும் தம்மை அறியாமலே புரண்டு படுக்கிறார். உணர்வோ வலுவோ இழந்தவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அவருக்காக அப்பணியைச் செய்வது உங்கள் கைகளே.

செய்ய வேண்டியவை

• பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவும். சிலருக்கு இந்த இடைவெளி மாறுபடலாம், மருத்துவரிடம் கேட்டறியவும்.
• முழுவதும் ஒருக்களிக்காமல், தலையணை வைத்துச் சற்றுச் சாய்வாகப் படுக்கவைக்கவும்.
• கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாதவாறு உயர்த்தவும்.
• நகர்த்தும்போது இழுக்காமல், விரிப்போடு தூக்கி நகர்த்தவும்.
• சிறுநீர், வியர்வை ஈரத்தை உடனே அகற்றவும். புரதம் மிகுந்த உணவு தரவும். சிறுநீரக நோய் இருப்பின் மருத்துவர் கூறிய அளவில் தரவும்.

செய்யக்கூடாதவை

• சிவந்த இடத்தைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ கூடாது. ஏற்கெனவே நலிந்துள்ள உயிரணுக்கள் மேலும் சேதமடையும்.
• வளைய வடிவ ரப்பர் தலையணை வேண்டாம். அதன் விளிம்பு சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.
• காற்று மெத்தை இருக்கிறதென்று திருப்புவதை நிறுத்த வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

நாள்தோறும் எலும்பு துருத்தும் இடங்களைப் பார்க்கவும். விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மறையாவிட்டால் அது முதல் அறிகுறி. கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். ஆகவே அவ்விடம் சூடாகவோ, கடினமாகவோ, வீங்கியோ உள்ளதா எனத் தொட்டுப் பார்க்கவும். கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம், கொப்புளம், துர்நாற்றம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகவும்.

தோல் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் திருப்புவதைத் தள்ளிப்போட வேண்டாம். கண்ணுக்குப் புலப்படும் முன்பே உள்ளே பாதிப்பு தொடங்கியிருக்கக்கூடும்.