டெல் கட்டளைக்கு முன் டிர்!

ஆரணியில் பட்டுச் சேலை நெய்யும் என் மாமா, பார்டர், முந்தானை டிசைன்களைத் தனித்தனி டைரக்டரிகளில் பிஎம்பி பைல்களாக வைத்திருக்கிறார். "பழசையெல்லாம் அழிச்சிடுப்பா" என்றார். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'டெல் *.பிஎம்பி /எஸ்' கொடுத்தேன். 'பழையது' டைரக்டரிக்குள் போகாமல், அதற்கு மேலே நின்றபடி!

/எஸ் சேர்த்தால் கட்டளை உள்ளிருக்கும் எல்லா டைரக்டரிகளிலும் நுழையும். டெல் அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அத்தனை டிசைன்களும் காலி. மாமா பேசவேயில்லை.

நல்லவேளை, முந்தைய நாள்தான் எக்ஸ்காப்பி கட்டளையுடன் /இ சேர்த்து, உள் டைரக்டரிகள் அனைத்தையும் பென் டிரைவில் நகலெடுத்திருந்தேன்.

நீங்களும் பேக்கப் எடுத்துவிட்டு, 'டிர் *.பிஎம்பி /எஸ்' கொடுங்கள். அழியப்போகும் பைல்களின் பட்டியல் வரும். சரிபார்த்த பிறகே, அதே இடத்தில் டிர்ரை டெல் ஆக மாற்றுங்கள்.