குழந்தை கட்டும் கதை

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு உண்டு. அவர்களையே கதை கட்ட விட்டு, பெரியவர்கள் அருகிருந்து பொறுமையுடன் செவிசாய்க்கும் வழக்கமோ அவ்வளவாக வேரூன்றவில்லை. ஒரு பிடி களிமண்ணோ, கந்தல் துணியோ, காலித் தீப்பெட்டியோ கையில் அகப்பட்டுவிட்டால், அதை யானையாகவும் ராஜாவாகவும் ரயில் வண்டியாகவும் பாவித்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு ஒரு பிரபஞ்சத்தையே சிருஷ்டித்துவிடும் சக்தி குழந்தைக்கு உண்டு என்பது பெற்றோர் யாவரும் பிரத்தியட்சமாகக் காணும் உண்மை.

கைவேலையின் விசேஷ குணம் அதன் தாமதமே. களிமண் யானையின் துதிக்கை ஒட்டாமல் விழ, மறுபடி தண்ணீர் தொட்டுப் பிசைந்து ஒட்டுவதற்குள், அந்த யானை எந்தக் காட்டிலிருந்து வந்தது, துதிக்கையை எப்படி இழந்தது, யார் அதற்கு வைத்தியம் செய்தார் என்பனவெல்லாம் குழந்தையின் மனத்தில் உருப்பெற்றுவிடுகின்றன.

கணினிச் சாதனங்களை அறவே விலக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கென 2014ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்ட ஸ்கிராட்ச் ஜூனியர் என்னும் செயலியில், கட்டளைகள் எழுத்தாக இன்றி அம்புகளும் சித்திரங்களும் கொண்ட வண்ணக் கட்டைகளாக அமைந்திருப்பதால், அரிச்சுவடி முடிக்காத குழந்தையும் அவற்றைக் கோத்துப் பாத்திரங்களை நடக்கவும் குதிக்கவும் மறையவும் செய்யலாம். தன் குரலைப் பதியலாம். தான் செய்த பொம்மையைக் கேமராவில் பிடித்துப் படத்துக்குள் சேர்க்கலாம். ஒரு கதைக்கு அதில் 4 பக்கங்களே உண்டு; அந்த வரம்பே எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சிந்திக்க வைக்கிறது.

என் கவலையெல்லாம், ‘ஒரு யானை’ என்று சொன்ன மாத்திரத்தில் முழுக் கதையையும் வர்ணப் படங்களோடு எழுதிக் கொடுத்துவிடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியதே. எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அவை உபகாரமாகும் என்பாரும் உளர். அதற்குக் குரற்பதிவே போதுமானது. பிழையற்ற வாக்கியங்களையும் மாசற்ற சித்திரங்களையும் நொடியில் பெற்றுப் பழகிய குழந்தை, தன் கோணல் யானையைக் கண்டு நாணி, மண்ணைக் கீழே வைத்துவிடுமானால், அதன் கற்பனா சக்தியை எந்த இயந்திரம் திருப்பித் தரும்?

எழுத இயலாத குழந்தைக்கு இயந்திரமின்றியே துணை நிற்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சிக்காகோ நகரத்துப் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், குழந்தைகள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, பிறகு வகுப்பிலேயே அவற்றை நடிக்கச் செய்துவந்தார். அம்முறை வேறு தேசங்களிலும் பரவியதற்குக் காரணம் அதற்குச் செலவில்லை என்பதன்று. தன் சொல்லைப் பெரியவர் ஒருவர் மதித்து எழுதுகிறார் என்ற நினைவு குழந்தைக்கு அளிக்கும் குதூகலமே.

பெற்றோர்களே, விலையுயர்ந்த சாதனம் எதையும் தேட வேண்டாம். களிமண்ணைக் கொடுங்கள்; பொம்மை உருவானதும் அதன் கதையைக் குரலில் பதியக் கைபேசியைக் கொடுங்கள்; “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். கதையை முடிக்கும் உரிமை குழந்தைக்கே இருக்கட்டும்.