சம்மதமும் விற்பனைச் செய்தியும்: மாத்தளைத் தோட்ட மக்களை முன்வைத்து ஒரு நோக்கு

வணிக நிறுவனங்கள் தனிமனிதரின் கையடக்கத் தொலைபேசிக்கு விளம்பரக் குறுந்தகவல் அனுப்புவது இன்று அன்றாட நிகழ்வாகிவிட்டது. கடன் தருவதாகவும், அடகு நகைக்குக் கூடிய தொகை தருவதாகவும், விலைக்கழிவு வழங்குவதாகவும் கூறும் இச்செய்திகள் மாத்தளை நகர வர்த்தகரையும் இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் தோட்டத் தொழிலாளியையும் ஒருங்கே வந்தடைகின்றன. இவற்றை வெறும் தொல்லையெனக் கொள்வது பொதுவழக்கு. ஆயின், இவற்றுக்கு அடிப்படையான சமூக உறவை நோக்குமிடத்து ஓர் அடிப்படை வினா எழுகின்றது. ஒருவரது தொலைபேசி இலக்கத்தைப் பயன்படுத்தும் உரிமை விற்பவருக்கு எங்கிருந்து கிடைக்கின்றது?

இவ்வினாவுக்கு உலக நாடுகளின் சட்டங்கள் இருவகையாக விடை கூறியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பெறுபவர் வேண்டாமென்று அறிவிக்கும்வரை வணிக மின்னஞ்சல் அனுப்புவதை அனுமதிக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரையோ, ஏற்கெனவே வாடிக்கையாளராயுள்ளோர் தொடர்பான விதிவிலக்கு நீங்கலாக, முன்சம்மதத்தைக் கோருகின்றது. முதலாவது முறையில் மறுக்கும் சுமை பெறுபவரைச் சார்ந்தது. இரண்டாவதில் சம்மதம் பெறும் சுமை அனுப்புபவரைச் சார்ந்தது. எவர் தோளில் சுமை ஏற்றப்படுகின்றது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டாவது நெறியைத் தழுவியுள்ளது. அதன் 27ஆம் பிரிவு மூன்று கடப்பாடுகளை விதிக்கின்றது. அஞ்சல், தொலைபேசி, மின்னியல் வழிகளில் இத்தகைய செய்தியை அனுப்புவதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும். தொடர்பு விபரம் பெறப்படும் வேளையிலும், பின்னர் ஒவ்வொரு செய்தியிலும், கட்டணமின்றி விலகும் வழி கூறப்படல் வேண்டும். செய்தியின் தன்மையும், அதனை அனுப்புபவர் யார், யார் சார்பில் அனுப்பப்படுகின்றது என்பதும் அறிவிக்கப்படல் வேண்டும். 2022இல் நிறைவேறிய வடிவின்படி, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புக்கு இணங்காதோர் ஒவ்வொரு இணங்காமைக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் செலுத்த நேரிடும்.

சம்மதம் என்பது சுயாதீனமாகவும், விடயத்தை அறிந்தும், ஐயத்துக்கிடமின்றியும் அளிக்கப்பட வேண்டுமெனச் சட்டம் வரையறுக்கின்றது. அது கோரப்படும் மொழி தெளிவாகவும் எளிமையாகவும் இருத்தல் வேண்டும். சட்டத்தின் உயிர்நிலை இதுவேயாகும். தவணைமுறையில் பொருள் வாங்கும் ஒரு தொழிலாளி, தான் வாசிக்கவியலாத மொழியில் அச்சிட்ட படிவமொன்றின் அடியில் ஒப்பமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கு ஒப்பம் உண்டு. சம்மதம் உண்டென்று கூறவியலுமா?

மலையக வரலாறு இதற்கு விடை காண உதவும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த தொழிலாளர், தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தே மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். கங்காணி தந்த முன்பணம் அவர்மீது கடனாக நின்றது. பிற்காலத்தில் அக்கடன் தொகை 'துண்டு' எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்குத் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. தன்னைப்பற்றி எழுதப்பட்ட, தன்னால் வாசிக்கவியலாத ஒரு தாள், கங்காணியின் கைவழியே தோட்டத்துக்குத் தோட்டம் மனிதரை மாற்றியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

துண்டையும் இன்றைய வாடிக்கையாளர் பட்டியலையும் ஒன்றெனக் கூறுவது மிகைக்கூற்றாகும். முன்னது உழைப்பைப் பிணித்தது. பின்னது வாங்கும் ஆற்றலையும் கடன்படும் நிலையையும் சந்தைப் பண்டமாக்குகின்றது. எனினும் ஓர் ஒப்புமை உண்டு. தன்னைப்பற்றிய பதிவு பிறர் கையில் மாறுவதும், அதனை அவர் அறியாதிருப்பதும் இரண்டுக்கும் பொதுவாகும். அறியாமையில் பெறப்பட்ட ஒப்புதலைச் சுதந்திர ஒப்பந்தமெனக் காட்டுவது முதலாளித்துவச் சட்டச் சிந்தனையின் பழைய இயல்பு.

ஆகவே 27ஆம் பிரிவு முற்போக்கானதென நாம் ஏற்கும் அதேவேளை, அதன் பயன் இரு நிபந்தனைகளில் தங்கியுள்ளது. முதலாவது நடைமுறை. இப்பகுதி 24 மாதங்களுக்கு முந்தாமலும் 48 மாதங்களுக்குப் பிந்தாமலும் நடைமுறைக்கு வரவேண்டுமென 2022இல் விதிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நாளைக் குறிக்கும் பொறுப்பை அமைச்சரின் கட்டளைக்கு விட்டது. உரிமையொன்று ஏட்டில் காத்திருக்கும் காலமெல்லாம் இலாபம் காத்திருப்பதில்லை.

இரண்டாவது மொழி. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வாறாயின், தமிழ்த் தொழிலாளியிடம் கோரப்படும் சம்மதத்துக்குத் 'தெளிவான எளிய மொழி' தமிழாகவே இருத்தல் வேண்டும். விலகும் வழியும் தமிழிலேயே கூறப்படல் வேண்டும். இதனை வலியுறுத்தும் கடமை தொழிற்சங்கங்களுக்கு மட்டுமன்றி, மொழியைக் கற்பதும் கற்பிப்பதும் தொழிலாகக் கொண்ட நமக்கும் உண்டு. வேண்டாமென்று சொல்லும் மொழி ஒருவருக்கு மறுக்கப்படுமிடத்து, அவர் வேண்டுமென்று சொன்னதாகக் கொள்ளப்படும் சொல்லுக்கும் பொருளில்லை.