வியாபார மந்தம்: பழி யாருக்கு? புகழ் யாருக்கு?

வியாபாரம் மந்தித்து ஜனங்கள் வேலையிழந்து வாடும்பொழுது, அன்று அதிகார பீடத்தில் அமர்ந்திருப்பவர் தலையில் பழி விழுகிறது. மந்தம் நீங்கியதும், அப்பொழுது பீடத்திலிருப்பவர் புகழைத் தமதாக்கிக் கொள்கிறார். மழை பெய்தால் மன்னன் புண்ணியம், பொய்த்தால் மன்னன் பாவம் என்ற பழைய வழக்கமே இது. இவ்வழக்கம் எவ்வளவு தூரம் நியாயமென்பதை நாம் ஆராய்தல் அவசியமாகும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1929 மார்ச்சில் ஹூவர் ஜனாதிபதியானார். அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. வீடிழந்தோர் தகரத்தாலும் பலகையாலும் கட்டிய குடிசைச் சேரிகளுக்கு ஜனங்கள் அவர் பெயரையே இட்டனர். அவர் குற்றமற்றவரென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் வேண்டாமென்று விண்ணப்பித்தும், 1930-ல் இறக்குமதி வரியை உயர்த்தும் ஸ்மூட்-ஹாலி மசோதாவில் கையெழுத்திட்டார். மந்தத்தின் நடுவே 1932-ல் வருமான வரியையும் ஏற்றினார். ஆயினும் பெருங்குற்றம் வேறிடத்திலிருந்தது. பெடரல் ரிசர்வ் என்னும் மத்திய பாங்கி, ஆயிரக்கணக்கான பாங்கிகள் முறிவதைக் கைகட்டிப் பார்த்திருந்தது. பணப் புழக்கம் மூன்றிலொரு பங்கு சுருங்கிற்று. இதை மில்டன் பிரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1963-ல் விரிவாக எடுத்துக் காட்டினர். அந்த ஸ்தாபனத்தின் நிர்வாகிகளில் ஒருவரான பெர்னான்கி 2002-ல் அப்பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதற்குள் எழுபது வருஷங்கள் கழிந்துவிட்டன!

ரூஸ்வெல்ட் 1933-ல் பதவியேற்றபொழுது, தொழிலாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அவர் பாங்கிகளைச் சீர்ப்படுத்தினார். டிபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தினார். டாலரைத் தங்கத்தின் தளையினின்று விடுவித்தார். இவற்றுக்குப் புகழ் தகும். ஆனால் 1937-ல் அவர் சர்க்கார் செலவைச் சுருக்கியதும், மத்திய பாங்கி கையிருப்பு விதியை இறுக்கியதும் சேர்ந்து மந்தத்தை மீண்டும் வரவழைத்தன. ஒரே மனிதருக்குப் புகழும் உண்டு, பழியும் உண்டு என்பது விளங்கவில்லையா?

பிற்காலக் கதையும் இதுவே. 2007 டிசம்பரில் தொடங்கிய அமெரிக்க மந்தம் 2009 ஜூனில் முடிவுற்றது. லேமன் பிரதர்ஸ் முறிந்தபின், 2008 அக்டோபரில் பாங்கிகளைத் தாங்க 70,000 கோடி டாலர் திட்டத்தில் கையெழுத்திட்டவர் புஷ். 2009 பிப்ரவரியில் பெருஞ் செலவுத் திட்டத்தை நிறைவேற்றியவர் ஒபாமா. இருவருக்கும் பங்குண்டு. கட்சிக்காரர்களோ தத்தம் தலைவர் பங்கை மட்டுமே பறைசாற்றினர்.

நம்மவர் கதையைக் கேளுங்கள். பர்மாவில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக வீழ்ந்தது. குடியானவர் கடனைத் தீர்க்க முடியாமல் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930-ல் 100-க்கு 6; 1938-ல் 100-க்கு 25. லேவாதேவிக்காரரே மந்தத்தை உண்டாக்கினார்போல ஜனங்களின் கோபம் அவர்மேல் பாய்ந்தது. வட்டித் தொழிலில் குறையில்லை என்று யாரும் கூறார். ஆனால் உலகச் சந்தையில் விலையை வீழ்த்தியவர் அவரா? 1927-ல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸுக்கு உயர்த்திக் கட்டியவரும், நம் தலைவர்கள் 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதுமென்று மன்றாடியும் இசையாதவரும் யார்? 1931 முதல் குடியானவர் விற்ற தங்கம் கப்பலேறிற்று. முடிவு செய்தவர்களோ கண்காணாத் தூரத்தில் சுகமாயிருந்தனர்.

ஆகையால் பழியோ புகழோ சாற்றுமுன் மூன்று கேள்விகள் கேட்போமாக. கேடு எப்பொழுது விதைக்கப்பட்டது? தடுக்கும் அதிகாரம் யார் கையிலிருந்தது? அதிகாரமுள்ளவர் அறிந்தபின் என்ன செய்தார்? கண்ணெதிரே நிற்பவனை மட்டும் தண்டித்தால் மெய்க்குற்றவாளி தப்புவான். அடுத்த மந்தத்தில் அதே தவற்றை மீண்டும் செய்வான். அதன் விலையை அப்பொழுதும் ஏழையே கொடுக்க நேரும்.