மைக்ரோவேவ் அவனா, பக்கத்து கேலக்ஸியா? ‘ரேடியோ மின்னலின்’ முகவரி தேடும் கதை!

‘டிங்’ சத்தம் வரும்வரை பொறுக்காமல் மைக்ரோவேவ் அவன் கதவைத் திறப்பவரா நீங்கள்? அப்படியென்றால் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கிக்காரர்களிடம் உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்காது.

அங்கே வருடக்கணக்கில் சில விநோத சிக்னல்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2015-ல்தான் குட்டு உடைந்தது. தொலைநோக்கி வளாகத்தில் யாரோ சாப்பாடு சூடாக்கும்போது, நேரம் முடிவதற்குள் அவன் கதவைத் திறந்திருக்கிறார்கள். அதிலிருந்து கசிந்த ரேடியோ அலைதான் அது!

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சீரியஸ். அதே பார்க்ஸில் 2001-ல் பதிவாகி, 2007-ல் டங்கன் லாரிமரின் குழு பழைய பதிவுகளைக் கிளறியபோது கிடைத்த இன்னொரு சிக்னல் உண்மையிலேயே விண்வெளியிலிருந்து வந்தது. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான். அதற்குள் சூரியன் பல நாட்களில் கொட்டும் சக்தி வெளிப்பட்டிருந்தது. இதற்கு ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட், சுருக்கமாக எஃப்.ஆர்.பி என்று பெயர். கண் இமைப்பதற்குள் காணாமல்போகும் ஒன்று எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

நான் ஓட்டப்பிடாரத்துக்காரி. எனக்கு இது எங்கள் பக்கத்துக் கடலை வைத்துத்தான் புரிந்தது. ஜி.பி.எஸ் வருவதற்கு முன் கடலுக்குள் மீன் கிடைக்கும் பாரை எப்படித் திரும்பக் கண்டுபிடித்தீர்கள் என்று தருவைகுளத்திலோ தூத்துக்குடியிலோ வயதான அண்ணாச்சிகளிடம் கேட்டுப்பாருங்கள். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் இருக்கும் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்வார்கள். வேறொரு திசையில் கலங்கரை விளக்கத்தை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பார். ஒரு கோடு மட்டும் இருந்தால் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறோம் என்றுதான் தெரியும். இரண்டு அடையாளங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் குத்துமதிப்புதான்.

ரேடியோ தொலைநோக்கிக்கும் இதே கதைதான். ஒற்றைத் தொலைநோக்கியால் ‘அந்தப் பக்கம்’ என்று கை காட்ட முடியும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஏகப்பட்ட கேலக்ஸிகள் இருக்கும். அதனால் தொலைதூரத்தில் இருக்கும் பல தொலைநோக்கிகளை ஒன்றாக இணைக்கிறார்கள். இங்கே கண்ணுக்குப் பதில் கடிகாரம். ஒரே சிக்னல் ஒரு தொலைநோக்கிக்கு முன்னாடியும் இன்னொன்றுக்குக் கொஞ்சம் பின்னாடியும் வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்தை அணுக் கடிகாரத் துல்லியத்தில் அளந்தால் திசை கிடைத்துவிடும். தொலைநோக்கிகள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, முகவரி அவ்வளவு துல்லியம்.

முதல் முகவரி 2017-ல் கிடைத்தது. எஃப்.ஆர்.பி 121102 திரும்பத் திரும்ப மின்னுகிற ரகம் என்பதால் காத்திருந்து பிடித்தார்கள். அமெரிக்காவின் வி.எல்.ஏ-வும் ஐரோப்பியத் தொலைநோக்கி வலையும் சேர்ந்து காட்டிய இடத்தில், சுமார் 300 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு குட்டி கேலக்ஸி! அந்த கேலக்ஸியை அடையாளம் கண்ட ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸ்ரீஹர்ஷ் தெண்டுல்கர், ஓர் இந்தியர்.

ஒரே ஒருமுறை மின்னிவிட்டு ஓடிவிடும் ரகம்தான் தலைவலி. கனடாவின் ‘சைம்’ தொலைநோக்கி இவற்றை அள்ளுவதில் கில்லாடி. 2021-ல் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே 500-க்கும் மேல். ஆனால் முகவரி சொல்வதில் கொஞ்சம் மந்தம். அதற்காகக் கனடாவிலேயே ஒன்று, அமெரிக்காவில் இரண்டு என்று மூன்று துணைத் தொலைநோக்கிகளைக் கட்டினார்கள். 2025 மார்ச் 16 அன்று பலன் கிடைத்தது. சப்தரிஷி மண்டலத் திசையில், 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் என்.ஜி.சி 4141 கேலக்ஸியில், வெறும் 45 ஒளியாண்டு அகலத்துக்குள் இடத்தைச் சுருக்கிவிட்டார்கள். நட்சத்திரங்கள் பிறக்கும் ஒரு பகுதிக்குக் கொஞ்சம் வெளியே அது இருந்தது. அதன் செல்லப் பெயர் ஆர்.பி.ஃப்ளோட். ஐஸ்க்ரீம் போட்ட குளிர்பானத்தின் பெயர்!

முகவரி தெரிந்து என்ன லாபம்? வீட்டைப் பார்த்தால் ஆளைக் கணிக்கலாம். மேக்னட்டார் எனப்படும், பயங்கரக் காந்த சக்தி கொண்ட செத்த நட்சத்திரங்கள்தான் பிரதான சந்தேக நபர்கள். 2020 ஏப்ரலில் நம் பால்வீதிக்குள்ளேயே ஒரு மேக்னட்டார் இப்படி மின்னிக் காட்டியது. ஆனால் 2022-ல் இன்னொரு எஃப்.ஆர்.பி, கிழட்டு நட்சத்திரங்கள் மட்டுமே குடியிருக்கும் கூட்டத்தில் இருப்பது தெரிந்தது. இளம் மேக்னட்டாருக்கு அங்கே என்ன வேலை? குழப்பம் இன்னும் தீரவில்லை.

நம்மூர் பங்கும் உண்டு. ஊட்டி முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவானது. விண்ணிலிருக்கும் ஒரு ரேடியோ மூலத்தை நிலா எப்போது மறைக்கிறது, எப்போது விடுகிறது என்று நேரம் குறித்தே அதன் இடத்தைக் கணித்தார்கள். அதே ஸ்வரூப் பிறகு புனே அருகே கோடாட்டில் எழுப்பியதுதான் ஜி.எம்.ஆர்.டி. 45 மீட்டர் விட்டத்தில் 30 டிஷ்கள், 25 கிலோமீட்டர் வரை பரவி, ஒன்றாக இணைந்து வேலை செய்கின்றன. 16 நாளுக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும் ஒரு எஃப்.ஆர்.பி-யைக் குறைந்த அலைவரிசையில் பிடித்தது, 2021-ல் இன்னொன்றின் முகவரியைக் குறித்துக்கொடுத்தது எல்லாம் இதன் கணக்கில் வரும்.

இந்த டிஷ்களுக்கு அமைதி வேண்டும். காதுக்கான அமைதி இல்லை, ரேடியோ அமைதி. அதனால்தான் அந்தப் பக்கமாகத் திட்டமிட்ட புனே–நாசிக் வேக ரயில் பாதையை மாற்றப்போவதாக ரயில்வே அறிவித்தது. நாராயண்காவ் பக்கத்து மக்களுக்கு இதில் வருத்தம். பல வருடம் எதிர்பார்த்த ரயில் ஆயிற்றே! ரயிலேற மணியாச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போகிற ஊர்க்காரி என்பதால், அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ரயிலுக்கு வேறு தடம் போடலாம், 30 டிஷ்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியாது.